பக்கத்து இருக்கையின் பிரேக்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுகிற வேலை" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் அது உண்மை. ரேஸ் தடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் சிலருக்குப் பார்த்தால் மட்டும் போதாது, ஓட்டியும் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஒரு ஹெல்மெட், ஒரு வேகமான கார், எட்டுச் சுற்று கொடுப்போம். பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். என் காலடியில் இன்னொரு பிரேக் பெடல் இருக்கும்.

இரண்டு பெடல்களும் உள்ளே ஒன்றோடொன்று பிணைந்தவை. ஓட்டுகிறவர் அழுத்தினால் என் பக்கத்துப் பெடலும் தானாகக் கீழே போகும். அதன்மேல் காலைச் சும்மா வைத்திருப்பேன். அதனால் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்காமலே அவருடைய காலை எனக்குத் தெரிந்துவிடும். மேடையில் பேசிப் பழகியவர்கள் தாமதமாக அழுத்துவார்கள். புது மாப்பிள்ளைகள், பெண்டாட்டி பார்வையாளர் வரிசையில் நின்றால் அழுத்தவே மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் அழுத்திவிட்டு, "நல்லா ஓட்டினீங்க சார்" என்று வெளியே அனுப்பி வைப்பேன்.

ஓட்டம் முடிந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பயிற்றுநரின் பிரேக் பயன்பட்டதா, எந்த வளைவில், பிழை யாருடையது என்று கேட்டிருக்கும். பிழைக்கு மூன்று கட்டங்கள்: விருந்தினர், பயிற்றுநர், தடம். டிக் போட்டு, கீழே விருந்தினரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'தடம்' என்று இரண்டு முறை போட்டிருக்கிறேன், ஒரு முறை எண்ணெய்க் கசிவுக்கு, இன்னொரு முறை குறுக்கே வந்த ஒரு நாய்க்கு. மற்றதெல்லாம் விருந்தினர் கணக்குதான். ஒன்பது வருடத்தில் 'பயிற்றுநர்' கட்டத்தில் என் பேனா பட்டதில்லை. அந்தக் கட்டத்தை எதற்கு அச்சடித்தார்களோ என்று கேன்டீனில் பீற்றிக்கொள்வேன். அடுத்த வாரம் தலைமைப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள், அது நான்தான் என்று கார் கழுவுகிறவர்கள்கூட முடிவு செய்திருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை என் விருந்தினர் என் அக்கா.

அக்கா கடைசியாகக் கார் ஓட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் நன்றாக ஓட்டுவாள், என்னைவிட நிதானமாக. சீருடை தைக்கிற தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு மெஷினால் வெட்டுவார்கள். அரை விரல் தப்பினால் நாற்பது சட்டை வீண். அவள் வெட்டித் துணி வீணானது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஒருநாள் அக்கா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ரேஸ் வகுப்பில் சேர்ந்திருந்த நேரம். அரைகுறையாகக் கற்றவர்களுக்கு வரும் திமிர் எனக்கும் வந்திருந்தது. ஒரு முச்சந்தியில் அக்கா காரை நிறுத்தினாள். என் பக்கத்தில் ஒரு லாரி நின்று சாலையை மறைத்தது. "உன் பக்கம் காலியா?" என்று கேட்டாள். லாரிக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "காலிதான், போ" என்றேன். அக்கா போனாள். ஒரு பைக் வந்து மோதியது. ஓட்டி வந்தவருக்குத் தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

மோதியதற்கு முந்தைய அரை நிமிடம் அக்காவுக்கு நினைவில் இல்லை. தலையில் பட்ட அடி அதைத் துடைத்துவிட்டது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. 'என் கவனக்குறைவுதான்' என்று போலீஸ் எழுதிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டபோது, நெற்றியில் பிளாஸ்திரியோடு பக்கத்தில் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் வாரம் நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. "என் கால் லேட்டா அழுத்திடுச்சு" என்று அக்கா அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். அன்றோடு சாவியை அத்தானிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது அத்தானுக்குக் கண் சரியில்லை. நேரே பார்ப்பது தெரிகிறது, பக்கவாட்டில் தெரிவது குறைந்துகொண்டே வருகிறது. இனி வண்டி தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆறு மணி ஷிப்டுக்கு அங்கே போக பஸ் கிடையாது. தினமும் கொண்டுபோய் விட்டவர் அத்தான்தான். ஒன்று அக்கா ஓட்ட வேண்டும், இல்லையென்றால் இருபத்திரண்டு வருட வேலையை விட வேண்டும். ஓட்டுநர் பள்ளிக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். இரண்டாம் நாள் கை நடுங்கி, நடுச்சாலையிலேயே இறங்கி நடந்து வீடு வந்துவிட்டாள். மாத முடிவில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். அப்போதுதான் நான் சொன்னேன், தடத்துக்கு வா, அங்கே பைக் இல்லை, லாரி இல்லை, குறுக்கே வர யாரும் இல்லை, ஊழியர் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஒரு இலவசச் சீட்டும் உண்டு என்று.

காலையில் அக்காவும் அத்தானும் வர, அவர்கள் காரை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். முதலில் சுற்றிப் பார்த்தல். கட்டுப்பாட்டு அறையில் சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொரு வளைவும் ஒரு திரையில் தெரியும். கொடிகள், டயர் அடுக்குகள், கார்களைப் பிரித்துப் போட்டிருக்கும் பணிமனை என்று வழிகாட்டி வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். பரிசளிப்பு மேடைக்கு வந்ததும் அத்தான் விறுவிறுவென்று முதல் இடத்துப் படியில் ஏறி நின்றுகொண்டார்.

"எந்த ரேஸ்ல ஜெயிச்சீங்க?" என்றாள் அக்கா.

"உன்னைக் கட்டிக்கிட்டு இருபத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்கேன். இதுக்கு மேல ஒரு ரேஸ் இருக்கா?" என்றார் அத்தான்.

கூட வந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அக்கா சிரித்தாள், ஆனால் படியில் ஏறவில்லை. பணிமனையில் ரேஸ் காரின் இருக்கையைத் தடவிப் பார்த்து, "தையல் நேராவே இல்ல" என்று என் காதில் சொன்னாள். அதைத் தவிர வேறு எதிலும் அவள் மனம் நிற்கவில்லை. கை இரண்டையும் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் சண்டை வந்தது. அத்தான் கை கழுவப் போயிருந்தபோது, "நான் ஓட்டலடி. பாத்தேன், அது போதும். அவர்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள்.

"இதுக்கா காலையிலேர்ந்து உன்னைக் கூட்டிக்கிட்டு அலையறேன்?"

"என் கால் சரியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்தா அது ஆணவம்."

"உன் காலுக்கு ஒண்ணும் இல்ல."

"நீ என்ன டாக்டரா?"

"நான் டாக்டர் இல்ல. ஆனா கால் எப்படின்னு பாக்கறதுதான் என் வேலை!" என்று மேசையைத் தட்டினேன். பக்கத்து மேசையில் ஒருவர் தேநீரைச் சிந்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தால் குரல் கேன்டீன் கூரையைத் தொடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் அவள்மேல் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அவள் தன் காலைக் குறை சொல்லும்போதெல்லாம் நான் கத்திவிடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு கூச்சலே போடும்.

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அத்தான் வந்து, "ரெண்டு சுத்து போ. பிடிக்கலன்னா இறங்கிடு. நான் கீழ கை தட்டிக்கிட்டே நிக்கறேன்" என்றார். அக்கா அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் சரியாக அவள் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. எழுந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

இங்கே கோன்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தடத்தில் எங்கே பிரேக் பிடிப்பது என்று விருந்தாளிகளுக்குத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோன் வைப்போம். கோன் வந்தால் பிரேக், அவ்வளவுதான் பாடம். வளைவுக்கு இன்னும் நூற்றைம்பது, நூறு, ஐம்பது மீட்டர் என்று எழுதிய பலகைகளும் ஓரத்தில் உண்டு, ஆனால் அதைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிடுவோம். எண்ணைப் படிக்கப் போனால் சாலையை விட்டுவிடுவார்கள். ஒன்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, நானும் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் ஓடும். எடை இல்லாத கார்கள் அவை, சட்டென்று நிற்கும். அதனால் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் இருக்கும் கொக்கி வளைவில் மட்டும் கோனை நூறு மீட்டர் பலகைக்குத் தள்ளி வைப்பார்கள். மதியம் எங்கள் கனமான கார்கள் இறங்கும் முன் அதை மறுபடி நூற்றைம்பதுக்குக் கொண்டுவர வேண்டும். மதியம் முதல் கார் எடுக்கிறவர்தான் போய் நகர்த்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று முதல் கார் என்னுடையது. கோனை நகர்த்த வேண்டிய அந்த அரை மணி நேரத்தில் நான் கேன்டீனில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் சுற்றில் அக்கா ஊர்வலம் போகிற வேகத்தில் போனாள். இரண்டாவதிலும் அப்படியே. என் பெடலில் அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பேச்சுக் கொடுத்தேன், வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது சுற்றில் நடுக்கம் குறைந்தது. நான்காவதில் கைகள் ஸ்டியரிங்கில் தளர்ந்து உட்கார்ந்தன. கண்ணாடி வழியாக வளைவை முன்கூட்டியே பார்த்து, காரை அங்கே கொண்டு வைத்தாள். மெஷின் முன்னால் நின்று துணியைப் பார்க்கிற அதே பார்வை.

"அக்கா, நீ ஓட்டற!" என்றேன்.

"பேசாதடி, அளவு தப்பிடும்" என்றாள்.

அவளுக்கு வேலை மிஞ்சும், அத்தான் முகம் மலரும், நான் அந்த முச்சந்தியைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டி வராது. வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் மூன்றும் ஒன்றாகத்தான் எனக்குத் தோன்றின.

ஐந்தாவது சுற்றில் நீண்ட நேர்ச்சாலையில் நல்ல வேகம் எடுத்தாள். கோனுக்கு வெகு தூரம் முன்பே என் காலுக்குக் கீழ் பெடல் இறங்கியது. கார் சீராக வேகம் குறைந்து வளைவில் திரும்பியது.

"ஏன் இவ்வளவு முன்னாடி பிடிக்கற? கோன் வரட்டும்னு சொன்னேன்ல!"

"அந்தத் தூரம் பத்தாதுன்னு தோணுச்சு."

"தோணறதெல்லாம் பயம். கோன்தான் கணக்கு. அடுத்த சுத்துல நான் சொல்ற வரைக்கும் காலைத் தூக்காத."

அக்காவின் தோள்கள் மறுபடி காதுக்கு ஏறின. பயத்தை உடைத்தால்தான் அவள் மீள்வாள் என்று நான் நம்பினேன். ஆறாவது சுற்றில் நேர்ச்சாலைக்கு வந்ததும் விரட்டினேன். "மிதி. இன்னும் மிதி. பிடிக்காத. கோன் வரைக்கும் போ. போ. போ!"

கோன் இன்னும் தள்ளித்தான் இருந்தது. திடீரென்று வளைவு ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது. என் கால் தானாகப் பாய்ந்தது. பாய்ந்தபோது பெடல் அதன் இடத்தில் இல்லை. அது ஏற்கெனவே அடிவரை போயிருந்தது. அக்காவின் கால் எனக்கு முன்பே அங்கே இருந்தது. டயர்கள் அலறின, பெல்ட் தோளை அறுத்தது, கார் வளைவில் திரும்பாமல் நேராக வழுக்கி, தடத்தின் ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் நின்றது. முன்னால் இரண்டு அடியில் சரளைக்கல் பரப்பு, அதற்கப்பால் டயர்ச் சுவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆரஞ்சு கோன் அமைதியாக நின்றிருந்தது. அதன் பக்கத்தில் பலகை. பலகையில் நூறு.

நான் சொன்னபடி கோன் வரை போயிருந்தால் இப்போது நாங்கள் அந்தச் சுவரில் இருந்திருப்போம். அக்காவின் காலும் சரி, கண்ணும் சரி. ஐந்தாவது சுற்றிலும் அவள் பிடித்த இடம்தான் சரி.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "மன்னிச்சிடுடி. பாத்தியா, மறுபடியும் என் கால்தான். நீ சொன்ன மாதிரி செஞ்சிருந்தா நல்லபடியா போயிருக்கும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "பரவால்ல, மெதுவா போ" என்றேன். அவள் ஊர்வல வேகத்தில் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள், சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள். இன்னும் இரண்டு சுற்று மீதி இருந்தது.

அத்தான் கை தட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் நடந்தது அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அவர் பின்னால் எங்கள் மேனேஜர் வந்தார். எதையும் விநாடிக் கணக்கில் பேசுவதால் அவரை ஸ்டாப்வாட்ச் என்போம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் கார் வழுக்கியதைப் பார்த்திருக்கிறார். எதுவும் கேட்காமல் படிவம் வைத்த அட்டையை என்னிடம் நீட்டினார்.

பயிற்றுநர் பிரேக் பயன்பட்டதா? என் காலும் பாய்ந்ததால் ஆம். எந்த வளைவு? கொக்கி. பிழை? ஒன்பது வருடப் பழக்கம், கை அதுவாகவே போய் 'விருந்தினர்' கட்டத்தில் டிக் போட்டது. இதை வேண்டுமென்றே செய்தேனா என்று பலமுறை என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கைதான் போட்டது, ஆனால் நான் கையை நிறுத்தவில்லை. அட்டையை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா படிக்கவில்லை. "எங்க போடணும்?" என்று கேட்டாள். நான் விரலால் காட்டினேன். அவள் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். போலீஸ் தாளிலும் இதே போல்தான் போட்டாள், அன்றும் படிக்கவில்லை, அன்றும் நான் பக்கத்தில் நின்றேன்.

என்னால் தாங்க முடியவில்லை. அட்டையைப் பிடுங்கினேன். படிவத்துக்கு எண் உண்டு, கிழித்துப் போட முடியாது. 'விருந்தினர்' டிக்கைக் குறுக்கே அடித்து என் சுருக்கக் கையெழுத்தைப் போட்டேன். 'பயிற்றுநர்' கட்டத்தில் டிக் போட்டேன், பேனா தாளைக் குத்திக்கொண்டு போனது.

"கோனை நான் நகர்த்தல. மதியம் மறந்துட்டேன். அது நூறுல நின்னுச்சு. அக்கா பிடிச்ச இடம்தான் சரி. ரெண்டு தடவையும் அவதான் சரி. நான்தான் போ போன்னு விரட்டினேன்" என்றேன்.

மேனேஜர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஒரு மாசம் நீங்க சீட்ல உக்கார முடியாது. ரூல் தெரியும்ல? நாளையிலேர்ந்து கோன் வேலை. அடுத்த வார விஷயம்..." என்று நிறுத்தினார். முடிக்க வேண்டிய தேவை இல்லை, எனக்குப் புரிந்தது.

"ஐயோ, எனக்காக ஏன்டி?" என்றாள் அக்கா. அவள் கண்ணில் பரிவு வந்துவிட்டது. அந்தப் பரிவுதான் என்னை முடித்துவிட்டது.

"இன்னும் இருக்குக்கா. அன்னிக்கு அந்த முச்சந்தியில நீ கேட்ட, என் பக்கம் காலியான்னு. லாரி மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. காலிதான் போன்னு சொன்னேன். உனக்கு அது ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. எல்லா நாளும் இருந்துச்சு."

அத்தான் மெதுவாக என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். அக்கா அழுவாள் என்று நினைத்தேன், கட்டிக்கொள்வாள் என்றுகூட உள்ளூர ஆசைப்பட்டேன். அவள் முகம் சிவந்தது. எனக்குத் தெரிந்து அக்கா கத்தியதில்லை. அன்று கத்தினாள்.

"பதினோரு வருஷம்டி! மழையில நனைஞ்சு நின்னிருக்கேன். இவரை விடியக்காலையில எழுப்பி எழுப்பி விட்டிருக்கேன். காய்ச்சலோட ஓட்டினாரு. அந்தப் பைக்குக்காரர் வீட்டுக்கு வருஷா வருஷம் போய்த் தலையைக் குனிஞ்சு நின்னேன். நீயும் கூட வந்தியேடி! வாசல்ல செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னியே!"

"ஆமா" என்றேன்.

"சாவியைக் குடு."

கொடுத்தேன். அவள் மேனேஜரைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் ரெண்டு சுத்து இருக்கு. பக்கத்துல இவ வேண்டாம்."

"நானே உக்காருறேன்மா. முதல்ல அந்தக் கோன்..." என்றார் மேனேஜர்.

கோன் வேலை நாளைக்கு என்று சொன்னவர், என்னைப் பார்த்தார். நான் நடந்தேன். கொக்கி வளைவுக்கு ஓரப் பாதையில் பத்து நிமிட நடை. கோனைத் தூக்கி ஐம்பது மீட்டர் பின்னால் கொண்டுபோய் நூற்றைம்பது பலகையின் அடியில் வைத்தேன். பெரிய எடை இல்லை, ஒரு கையால் தூக்கலாம். தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, கட்டுப்பாட்டு அறைக்குக் கை காட்டினேன். சிறிது நேரத்தில் நேர்ச்சாலையின் மறுமுனையில் கார் சத்தம் கேட்டது.

அக்கா என்னைக் கடந்து போனாள். சரியாகக் கோன் பக்கத்தில் வந்ததும் பின்விளக்குகள் சிவந்தன. கார் அமைதியாக வேகம் குறைந்து, வளைவின் உட்கோட்டைத் தொட்டுத் திரும்பியது. அடுத்த சுற்றிலும் அதே இடம், அரை விரல்கூடத் தப்பவில்லை. நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, அவமானமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது வாகன நிறுத்துமிடத்தில் அவர்கள் காரில் ஏறியிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் அக்கா, பக்கத்தில் அத்தான். என்னை விட்டுவிட்டுப் போனாலும் தப்பில்லை என்று நினைத்தேன். அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"பின்னாடி ஏறு. வாயைத் திறக்காத."

ஏறினேன். அத்தான் தன் பெல்ட்டை ஒரு தரத்துக்கு இரு தரம் இழுத்துப் பார்த்தார். "பரிசு மேடையில நான் ஏறின படியில உன்னைத்தான் ஏத்தியிருக்கணும்" என்று அக்காவிடம் சொன்னார். கார் வெளி வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. பஸ்கள், பைக்குகள், யாரோ சைக்கிளில் ஏணி கொண்டுபோனார்கள். அக்காவின் கழுத்து விறைத்திருந்தது, ஆனால் கை நடுங்கவில்லை. நான் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அங்கே பெடல் எதுவும் இல்லை, இருந்தும் வலது கால் தேடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அக்கா நிறுத்தினாள். ஒரு பக்கம் பார்த்தாள். மறு பக்கத்தில் ஒரு வேன் நின்று பாதிச் சாலையை மறைத்தது. அத்தானுக்கு அந்தப் பக்கம் தெரியாது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். எனக்கு நாக்கு நுனியில் அந்த ஒற்றைச் சொல் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடி வழியாக அக்கா என்னைப் பார்த்தாள். தடத்திலிருந்து கிளம்பியதற்குப் பிறகு முதல் முறையாக.

"உன் பக்கம் காலியா?" என்று கேட்டாள்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. நான் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். வேனுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். காரை ஓர் அடி முன்னால் நகர்த்தி, எட்டி, தன் கண்ணாலேயே பார்த்தாள். ஒரு பைக் போனது, அதன் பின்னால் இன்னொன்று. பிறகு சாலை காலியானது. அவள் போனாள்.